ஆளுக்கு மூன்று பொட்டு

சிலியின் தெற்கே ஒரு தீவு.
மட்டி பொறுக்குவோர் சங்கம்.
அடுப்பில் ஈர விறகு புகைய
சுவரெல்லாம் மஞ்சள் சீட்டு.
பத்து நிமிடம் பேச்சு கூடாது, எழுத்து மட்டும் என்றிருந்தேன்.
நாற்பத்தொரு யோசனை.
ஒன்றில் யாரோ மீன் வரைந்திருந்தார்கள்.

பிறகு ஆளுக்கு மூன்று சிவப்புப் பொட்டு.
எடுவிஹிஸ் முதலில் எழுந்தாள்,
மூன்றையும் குளிர்பதன அறைக்கே ஒட்டினாள்.
அப்புறம் எல்லாக் கையும் அந்தக் கை போன வழி,
நீர் வற்றிய கரையில்
படகெல்லாம் ஒரே பக்கம் சாய்கிறாற்போல.

பதினேழு. முதலிடம். கைதட்டல்.

சீட்டுகளை உரித்துக்கொண்டிருந்தேன்.
தொப்பியை மறந்தவன்போலத் திரும்பி வந்தான் நொல்பெர்த்தோ.
"ஒரு பொட்டை மாற்றிக்கொள்ளலாமா?
அப்போது எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்."

ஒன்றுகூட விழாத சீட்டு அது:
'துறையில் ஒரு விளக்கு.'
மனைவியின் கையெழுத்தாம்.

பசை போயிருந்தது.
கட்டைவிரலால் அழுத்தினான், விழுந்தது.
எச்சில் தொட்டு அழுத்தினான்.

அறிக்கையில் பதினேழு என்றே எழுதினேன்.

அடுத்த தீவில்
பொட்டுகளை உறையிலிட்டுத் தரச் சொன்னேன்.
முணுமுணுத்தார்கள். மாத்தே ஆறிப்போயிற்று.
எண்ணி முடிப்பதற்குள் இருட்டிவிட,
படகுக்குத்
தடவித் தடவித்தான் போனேன்.