அமைதி காக்கவும்

நூலக வாசலில் பித்தளைப் பலகை:
கூடம் எழுந்த ஆண்டு, நீளம், அகலம்,
கூரையில் கண்ணாடிகள் எத்தனை,
டச்சு ரயில்வேக்குப் பழுது நீங்கிப் போன
எஞ்சின்கள் எத்தனை.
காதுகளின் கணக்கு அதில் இல்லை.

உள்ளே தண்டவாளங்களை அப்படியே விட்டிருக்கிறோம்.
அவற்றின்மேல் சக்கரம் வைத்த வாசிப்பு மேசைகள்.
தலைக்குமேல் பளுதூக்கி,
ஐந்து டன் என்று எழுதியது எழுதியபடி,
எதையும் தூக்காமல்.
ஜூலை வெயிலில் மட்டும்
புதுத் தரையைத் தாண்டிப்
பழைய எண்ணெய் கசியும்
கவிதை அலமாரிக்குக் கீழே.
துடைத்துப் பார்த்துவிட்டோம். போகாது.

லம்பெர்ட் செவ்வாய்தோறும் வருவார்.
பதினைந்து வயதில், வாரம் பன்னிரண்டு கில்டருக்குக்
கொதிகலனுக்குள் இறக்கப்பட்டவர்.
வெளியே ஒருவன் சம்மட்டியால் அடிக்க
உள்ளே இவர் ரிவெட்டின் மறுமுனையை
இரும்புக் கட்டையால் தாங்கிப் பிடிக்க வேண்டும்.
மணிக்குள் நாக்காக இருப்பது போல.
இது நான் சொல்வது.
அவர் சொன்னது:
மத்தியான ரொட்டியின் நடுப்பகுதியைப் பிசைந்து
காதில் அடைத்துக்கொள்வோம்,
ஓரத்தைத் தின்போம்.

இருபதில் பாதிதான் கேட்டது.
முப்பதில், திருமணப் பதிவாளர் கேட்ட கேள்விக்கு
யோஹானா தொடையில் கிள்ளிய பிறகுதான்
ஆமாம் என்றாராம்.
ஓய்வு பெற்ற நாளில் பரிசு ஒரு கடிகாரம்.
மணியடிக்கிற வகை.

அந்தக் கிள்ளலைத்தான் இன்றும் சொல்லிக்கொண்டிருந்தார்
இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்.
தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் நிமிர்ந்தார்கள்.
ஒருத்தி ஹெட்போனைக் கழற்றிவிட்டு
என்னைப் பார்த்தாள்.
என் வேலை அது. போனேன்.
விரலை உதட்டில் வைத்தேன்.

சட்டென்று நின்றது பேச்சு.
தோள் குறுகியது. வலது கை
இல்லாத சிகரெட்டை
உள்ளங்கைக்குள் மறைத்தது.

பிறகுதான் எனக்கு விளங்கியது:
சொல் எடுபடாத இந்தக் கூடத்தில்
கைகளால் பேசியவர்கள் அவர்கள்.
கட்டைவிரலுக்கு ஒரு பொருள்,
முழங்கையைத் தட்டினால் வேறொன்று,
உதட்டில் விரல் என்றால்
மேஸ்திரி வருகிறான்.

எழுபது ஆண்டுக்கு முந்தைய கதவைத்
திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
தானியங்கிக் கண்ணாடி விலகியது.
தள்ளுவண்டிக் குழந்தையோடு ஒரு பெண்
மழை சொட்டச் சொட்ட உள்ளே வந்தாள்.

அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
உள்ளங்கையை மெல்லத் திறந்தார்.
"அவனில்லை" என்றார்
கூடம் முழுக்கக் கேட்க.