ஆறிலிருந்து பத்து

மாலை ஐந்து ஐம்பத்தெட்டு.
கம்ப்ரஸரின் சிவப்புப் பொத்தான் மேல்
என் கட்டைவிரல்.
பின்னால் ஹபீபுல்லா முதலாளி நிற்கிறார்,
ஆபரேஷன் அறை வாசலில்
கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அண்ணன் மாதிரி.

"இருபத்திரண்டு வருசமா நிறுத்தினதில்லப்பா.
கரண்ட் போனாத்தான் நிக்கும்."

எனக்கும் தெரியும்.
மண்டபம் தென்கடலில் இந்தச் சத்தத்துக்குத்தான்
பிள்ளைகள் தூங்கப் பழகியிருக்கிறார்கள்.

ஆனால் போன மாதத்து பில்லை நீங்கள் பார்க்கவில்லை.
மாலை ஆறிலிருந்து பத்துவரை
யூனிட்டுக்குக் கால் பங்கு கூடுதல்.
ராத்திரி பத்துக்கு மேல் கொஞ்சம் தள்ளுபடி.
கேட்டு வாங்கிய லோடுக்குத் தனியாக ஒரு கட்டணம்,
மிஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும்.
தடைக்காலத்து அறுபத்தொரு நாளும்
கரையேறிக் கிடந்த விசைப்படகுகளுக்குப் பக்கத்தில்
அதையும் கட்டினோம்,
ஒரு பார் ஐஸ் விற்காமல்.

ஒரு வாரம் நோட்டுப் போட்டேன்.
மணிக்கு ஒரு தரம் உப்புத்தண்ணித் தொட்டியில்
தெர்மாமீட்டரை இறக்கி எழுதினேன்.
மைனஸ் பத்து. மைனஸ் பத்து. மைனஸ் ஒன்பதரை.
அந்தத் தண்ணி கஞ்சன்.
வாங்கின குளிரை லேசில் விடாது.
நாலு மணி நேரம் நிறுத்தினாலும்
மைனஸ் ஏழைத் தாண்டி ஏறாது என்றது கணக்கு.
கணக்குத்தான் சொல்லுது, நான் சொல்லல
என்றுதான் முதலாளியிடம் சொல்லி வைத்தேன்.

ஆறு.
அமுக்கினேன்.

பெரிய சக்கரம் மனசில்லாமல் சுற்றி,
இன்னும் ஒரு சுற்று சுற்றி,
நின்றது.
கொட்டகைக்குள் அத்தனை பேரும்
குரலைத் தாழ்த்திக்கொண்டோம்,
ஏனென்று தெரியாமல்.

அப்போதுதான் கேட்டது.
ஸ்ஸ்ஸ்.

அம்மோனியா என்று பயந்து
லுங்கியைத் தூக்கி மூக்கைப் பொத்தினான் பாஸ்டின்.
நெடி இல்லை.
டார்ச்சோடு சுவரை ஒட்டித் தவழ்ந்தேன்.
டின்களுக்குள் காற்று ஊதும் குழாய்,
மூன்றாவது முட்டில் உப்பு தின்ற பொத்தல்,
அரைஞாண் கயிறு நுழையும் அகலம்.
எத்தனை வருசமாக ஊதியதோ.
கச்சான் சும்மா அடிக்கிற ஊரில்
காசு கொடுத்துக் காற்றடைத்து
வெளியே விட்டிருக்கிறோம்.

முதலாளி சிரிக்கவில்லை.
விரலை வைத்து அடைத்தார். நின்றது.
எடுத்தார். ஸ்ஸ்ஸ்.
மறுபடியும் வைத்தார்.

எட்டேகாலுக்கு சேசுராசா வந்தான்,
விடியக்காலை டோக்கன், நாற்பது பார் வேணும் என்று.
மிஷின் நிற்பதைப் பார்த்ததும்
"கடையை மூடியாச்சா?" என்று கத்தினான்.
டின்னை வெறுந்தண்ணியில் முக்கிக் கவிழ்த்தேன்.
பார் வழுக்கி வந்து அவன் காலடியில் நின்றது.
கொக்கியால் தட்டிப் பார்த்தான்,
இத்தனை நாள் ஒரு தரமும் தட்டாதவன்.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
எண்ண ஆரம்பித்தான்.

பத்து மணிக்கு மைனஸ் ஆறேமுக்கால்.
கணக்கு கால் டிகிரி பொய் சொல்லியிருந்தது.
அதையும் நோட்டில் எழுதினேன்.

அடுத்த பில் முப்பத்தோராயிரம் குறைவு.
பொத்தலை அடைத்தது,
மூடிப்பலகை இடுக்கில் கோணி தைத்துச் செருகியது,
கண்டென்சரில் உப்புப் பொருக்கைச் சுரண்டியது
எல்லாம் சேர்த்து.
முதலாளி கை குலுக்கினார்.
கீழக்கரைத் தொதல் ஒரு டப்பா கொடுத்தார்.
அப்புறம் ஷிப்ட் பலகையில்
என் பெயரை அழித்து வேறிடத்தில் எழுதினார்:
இரவு பத்து முதல் காலை ஆறு. நிரந்தரம்.

தள்ளுபடி நேரம் யாருடைய நேரம் என்று
நான் நோட்டில் போட்டிருக்கவில்லை.

இன்று எங்கள் தெருவில் மாதாந்திர மின்தடை.
ஃபேன் நின்றதும் விழித்துவிட்டேன்.
ஜெனிபா என் பழைய நோட்டின் பின்பக்கத்தில்
கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.
"எல்லா நம்பருக்கும் முன்னாடி
ஏன்ப்பா ஒரு கோடு போட்டிருக்க?"

உப்புத்தண்ணி பாப்பா, அது
பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் உறையாது.

"அப்ப ஐஸ் எப்படி வரும்?"

சொல்லத் தொடங்கி
வேர்வையோடு புரண்டு படுத்தேன்.
மணி பன்னிரண்டரை.
பத்துக்கு இன்னும் ஒன்பதரை மணி நேரம்.