பயனடைந்தோர் எண்ணிக்கை

மூஞ்சிக்கல் பிரவுசிங் சென்டரில்
மணிக்கு முப்பது ரூபாய்.
வில்பட்டிக்குப் பஸ் ஆறே காலுக்கு.
அதற்குள் நான்
தலைவி என்று நிரூபித்தாக வேண்டும்.

பெயர்: ஜெ. பபியோலா.
தந்தை தொழில்: கேரட் கழுவுதல்.
ஆண்டு வருமானம்: தாசில்தார் சொன்னபடி.
இதுவரை சிரமமில்லை.

ஏழாவது கேள்வியில் கர்சர் துடிக்கிறது.
'போதையில்லா, நலமான வாழ்வை முன்னெடுக்க
மாணவத் தலைவராக நீங்கள் ஆற்றிய பணி.
இருநூறு சொற்களுக்கு மிகாமல்.
புகைப்படம் இணைக்கவும்.'

புகைப்படம் இருக்கிறது.
ஏரிச் சாலையில் பேரணி,
கோஷத்தின் நடுவே என் வாய் பாதி திறந்திருக்கிறது.
பேனரின் மறு கழியைப் பிடித்திருப்பவன் ரீகன்.
அன்று காலைதான்
பெங்களூர் வண்டி ஒன்றுக்கு
மூன்று பொட்டலம் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.
'வேண்டாம்' என்ற சொல்லின் மேல்
அவன் கட்டைவிரல்.

மழை விட்ட மறுநாள்
மாடு மேயும் புல்வெளியில் என்ன முளைக்கும் என்று
எங்கள் ஊரில் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை.
வெயில் ஏறுமுன் பறித்துவிட வேண்டும்.
அதனால்தான்
ஐந்தரைக்கு வாலிபால் வைத்தேன்.

பூண்டு மூட்டை வலையைப் பிரித்துத் தைத்த நெட்.
இரண்டு யூகலிப்டஸ் கம்பு.
ஐந்து பேர் இருந்தோம்.
ரீகன் வீட்டுக் கதவைத் தட்டி
மூளையைப் பற்றியோ எதிர்காலத்தைப் பற்றியோ
நான் பேசவில்லை.
'ஒரு ஆள் குறையுதுடா' என்றேன்.
அவ்வளவுதான் என் விழிப்புணர்வுப் பிரச்சாரம்,
மூன்று சொல்.
மீதி நூற்றுத் தொண்ணூற்றேழுக்கு
எங்கே போவேன்?

பத்தொன்பது நாள் வந்தான்.
அவன் சர்வீஸ் போட்டால்
பந்து பனிக்குள் போய்க் காணாமல் போகும்,
எதிர்பாராத பக்கத்திலிருந்து விழும்.
பத்தொன்பதாம் நாள் இரவு முழுக்க மழை.
விடிந்தபோது ஐந்து பேர் நின்றோம்.
ஆறாவது ஆளின் இடத்தில்
தண்ணீர் தேங்கியிருந்தது.

இருபத்தொன்றாம் நாள் வந்தான்,
பேன்ட் முட்டியில் காய்ந்த சாணத்தோடு.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
பந்தை அவனிடம் எறிந்தேன்.

எட்டாவது கேள்வி: பயனடைந்தோர் எண்ணிக்கை.
'அறுபதுன்னு போடும்மா,
யார் வந்து எண்ணப் போறா' என்கிறார் சென்டர்க்காரர்.
போன வருடம் ஒருவன் நானூறு போட்டு வாங்கினானாம்.

ஆறு என்று அடித்தேன். அழித்தேன்.
மற்றவர்கள் பந்துக்காக வந்தவர்கள்,
காளானோடு அவர்களுக்குப் பகைகூடக் கிடையாது.
இருபத்தொரு நாளில் இருபது நாள் வந்தவனை
எப்படி எழுதுவது?
வகுத்துப் பார்த்து 0.95 என்று போட்டேன்.
பெட்டி சிவந்தது:
முழு எண்ணை மட்டும் உள்ளிடவும்.

நேற்று நெட் கட்டும்போது ரீகனிடம் சொன்னேன்,
கிடைத்தால் திண்டுக்கல், ஹாஸ்டல்,
என் இடத்துக்கு ஆள் பார்த்துக்கொள் என்று.
'எவ்வளவு தர்றாங்க?'
'வருஷத்துக்கு நாப்பதாயிரம்.'
மனசுக்குள் கணக்குப் போட்டான்.
'நாலு மழை' என்றான்.
சிரிக்கவில்லை.
பிறகு கயிற்றை இழுத்தான், நெட் விறைத்து நின்றது.
அந்தப் பக்கத்து முடிச்சு
என்னுடையதைவிட உறுதி.

1 என்று போட்டு அனுப்பிவிட்டேன்.
அது அவனா நானா என்று
படிவம் கேட்கவில்லை.

சில்லறை வாங்கும்போது
தகரக் கூரையில் முதல் துளிகள்.
பஸ்ஸில் உட்கார்ந்ததும்
அலாரத்தை ஐந்துக்கு மாற்றுகிறேன்.
அவன் வீடு வழியாகப் போக
அரைமணி கூடுதலாக வேண்டும்.