நலமறிய ஆவல்

காப்பகத்தில் தந்த கோப்பில் எல்லாம் இருந்தது.
தோராயமான பிறந்த தேதி, இரண்டு தடுப்பூசி,
பிடரித் தோலுக்குள் அரிசியளவு ஒரு சில்லு.
எட்டாவது கிழமையில் அறுவை என்று
நீல மையில் ஒரு சரி.

"என்ன அறுவை?" என்றாள் வதனி.
பதினொரு வயது மகள் பக்கத்தில் நிற்கிறாள்.
நாக்கு நுனிக்கு வந்த சொல்லை விழுங்கினேன்.

நலமடிப்பது என்போம் நாங்கள்.
காயடிப்பது என்பார்கள் மற்றவர்கள்.
எது கொடிய சொல் என்று
வீடு வரும்வரை பேருந்தில் யோசித்தேன்.
காய் என்ற சொல்லுக்குள்
பழுக்கப்போகிற நாள் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.
நலம் என்றாலோ
வான்கடிதத்தின் முதல் வரி:
நலம், நலமறிய ஆவல்.

ஆரணியின் மழைச்சட்டைக்குள் அவன், மூக்கு மட்டும் வெளியே.
வயிற்றடியில் மயிர் மழித்த இடத்தில்
சுண்டுவிரல் நகமளவு தழும்பு.
அவள் அதைப் பார்க்கவில்லை, காதைப் பார்த்தாள்.
காய்ந்த இஞ்சி நிறம்.
ஆற்றுப்பாலம் தாண்டுமுன்
சுக்கு என்று பெயர் வைத்துவிட்டாள்.

எனக்கு இரவு வேலை, ஹல் நகரத்துத் தபால் பிரிப்பு நிலையத்தில்.
கடிதம் குறைந்துவிட்டது;
செருப்பும் சார்ஜரும்தான் வருகின்றன.
இருந்தும் மூலையில் இன்னும் ஒரு கூண்டு உண்டு.
'அப்படி யாரும் இங்கே இல்லை' என்று
யாரோ பேனாவால் எழுதித் திருப்பியவை அதில் கிடக்கும்.

சமையலறைக் கதவு நிலையில்
மகளுக்குப் பென்சில் கோடு, அவனுக்குச் சிவப்பு.
ஏழு மாதம், பத்து மாதம்,
சிவப்பு ஏறிக்கொண்டே போனது.
உடம்பு ஒல்லி, கால் மட்டும் கடன் வாங்கியது போல.
நடந்தால் நாலு காலுக்கும் நாலு அபிப்பிராயம்.
பூங்காவுக்கு டெரியரோடு வரும் ட்ரெவர்
"இது நாயா, மடக்கு ஏணியா?" என்றார்.

மிருக வைத்தியர் பின்னங்காலை நீட்டி மடக்கிச் சொன்னார்:
பருவம் வரும்போது எலும்பு நுனிகளுக்கு ஒரு சேதி போகும்,
போதும், நில் என்று.
அனுப்புகிற இடத்தை முன்னதாகவே எடுத்துவிட்டார்கள்.
நிற்கும். கொஞ்சம் பிந்தி நிற்கும்.
மூட்டுகளைக் கவனியுங்கள்.

அன்றிரவு அந்தக் கூண்டருகே
கொஞ்சம் கூடுதலாக நின்றேன்.

ஆரணிக்குக் கோபம்.
"அவனைக் கேட்டவையோ?"
எட்டுக் கிழமைக் குட்டியை ஆர் கேக்கிறது, என்றேன்.
காப்பகத்தில் நாற்பத்திரண்டு கூண்டு இருந்ததைச் சொன்னேன்,
ஒன்றில் ஒரு தாயும் ஒன்பது குட்டியும்.
கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.
பிறகு சுக்குவின் காதுக்குச் சொன்னாள்:
"ஈஸ்ட்ஹாமிலயிருந்து இஞ்ச வரேக்க
என்னையும் ஒருத்தரும் கேக்கேல்லை."
வதனி அடுப்பைத் துடைத்தாள்.
அது சுத்தமாகத்தான் இருந்தது.

பூங்காவில் பெட்டை ஒன்று வந்தால்
மற்ற நாய்கள் கயிற்றை அறுக்கின்றன.
இவன் மரியாதையாக மோந்து பார்த்துவிட்டு
பந்தைத் தேடிப் போகிறான்.
அவனுக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுத ஆசை.
எனக்கென்ன தெரியும்.

பதினாறாம் மாதம் சிவப்புக் கோடு நின்றது.
எப்படியோ யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

விடிய ஐந்தரை. ஹம்பரிலிருந்து உப்புக் காற்று.
முன்பெல்லாம் நான் வாசலுக்கு வந்தால்
உள்ளே நகக் கீறல் மட்டும் கேட்கும்.
கொஞ்ச நாள் குதித்துக் குதித்து
கண்ணாடியில் ஒரு காது வந்து போனது.
இன்று கதவிலிருந்த தபால் துவாரத்தின் மூடி
தானாக உயர்ந்தது.
நாலு காலும் தரையில் இருக்க
ஈரக் கறுப்பு மூக்கொன்று வெளியே வந்தது.
என் கையை,
இரவு முழுக்க அதில் பட்ட அத்தனை தெருக்களையும்
மெதுவாகப் படித்தது.

எந்தப் பையில் சாவி என்று நான் தேடி முடிக்கும்வரை
படித்துக்கொண்டே இருந்தது.