சூடு வரும் பக்கம்

நைட் டூட்டி முடிந்து
ஆறரை பஸ்ஸில் வில்லாபுரம் இறங்குகிறவளுக்குப்
பகல்தான் ராத்திரி.
மேற்கு பார்த்த மாடி அறை.
மத்தியானம் இரண்டுக்கு மேல்
சுவரில் அப்பளம் சுடலாம்.

எனக்காகத்தான் செய்தான் முத்திருளாண்டி.
குளிர்நாட்டுக்காரன் ஒருவனின் வீடியோவை
மூன்று தடவை பார்த்து,
சுவரோடு இரண்டங்குல தெர்மாக்கோல்,
அதன்மேல் அறைப்பக்கம் பாலித்தீன் ஷீட்,
அதன்மேல் ஜிப்சம் போர்டு, வெளிர்நீலப் பெயின்ட்.
ஏசியை இருபதில் வைத்தான்.
ஒரு கோடை முழுக்கத்
தாசில்தார் மாதிரித் தூங்கினேன்.

ஐப்பசியில் வாடை வந்தது.
எலி என்றான்.
பரணைக் கவிழ்த்தான், ஊதுபத்தி ஏற்றினான்.
எலியில்லை.
நாள்கணக்காய்க் கட்டுப் பிரிக்காத காலில்
வருகிற வாடை அது.
எனக்குத் தெரியாதா.

கூடல்நகர் செய்யது வந்து
போர்டின் மூலையை நெம்பினார்.
ஷீட்டின் முதுகெல்லாம் முத்து முத்தாய் வேர்வை.
தெர்மாக்கோல் இணைப்புகளில் கறுப்பாய்ப் பூசணம்.

"மழை ஒழுகலைம்மா. காத்துல இருக்க தண்ணிதான்.
பன்னீர் சோடா பாட்டில் வெளிய வேர்க்கும்ல, அதே கதை.
பனி பெய்யிற ஊர்ல சூடு வீட்டுக்குள்ள,
நம்மூர்ல சூடு தெருவுல.
சூடு எந்தப் பக்கமோ ஷீட்டு அந்தப் பக்கம்."

முத்திருளாண்டி ஒன்றும் பேசவில்லை.
குனிந்து ஆணிகளைப் பொறுக்கினான்,
இல்லாத ஆணிகளையும்.

வார்டில் மெத்தை நனையாமலிருக்க
ரப்பர் ஷீட் விரிப்போம்.
மெத்தை தப்பித்துவிடும்.
படுத்தவர் முதுகு புண்ணாகும்.
அதை அவனிடம் சொல்லவில்லை.

வெளிப்பூச்சு தை பிறந்துதான், என்றார் செய்யது.
அதுவரை ஏசி கிடையாது,
சுவர் அம்மணமாய்க் காயவேண்டும்.
அவர் விட்டுப்போன மீட்டரைக்
காலையும் மாலையும் குத்திப் பார்த்து
சிமென்டிலேயே பென்சிலால் எழுதுகிறேன்:
இருபத்தெட்டு.
இருபத்தாறு.
அடைமழையன்று மறுபடி இருபத்தெட்டு.
டிஸ்சார்ஜ் இப்போதைக்கு இல்லை.

இவனுக்கு மீட்டரில் நம்பிக்கையில்லை.
நான் தூங்குவதாய் நினைத்துப்
புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்க்கிறான்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
அப்புறம் என் நெற்றியில்.

"ரெண்டுமே வேர்க்குதுடி."

ஃபேனைச் சுவர்ப்பக்கம் திருப்பு என்கிறேன்,
கண் திறக்காமல்.
கொஞ்ச நேரம் சத்தமேயில்லை.
பிறகு ஸ்டாண்ட் தரையில் உரசுகிறது.
பாதிக் காற்று சுவருக்கு,
பாதி எனக்கு.