தலைக்கு இருபத்தைந்து

கப்பல் சீட்டு மலிவுதான்.
கால்வெஸ்டனில் ஏறி மெக்சிகோக் கரை தொட்டுத் திரும்ப
ஐந்து இரவு, ஜன்னல் இல்லாத அறை,
தலைக்கு முந்நூற்றுப் பத்து டாலர்.
மூக்குக்குத்தான் விலை எகிறியது.

கடற்கரைச் சாலையில்
வாசலில் பனைத்தொட்டி வைத்த கிளினிக்,
ஒரு மணி நேரத்தில் முடிவு, நூற்று எண்பத்தொன்பது.
இரண்டு பேருக்கா என்று கேட்டேன்.
ஒருவருக்கு, மேடம்.
மருந்துக்கடையில் இலவசம்;
முடிவு நாலு நாளில் வரலாம், வராமலும் போகலாம்.
கப்பல் கம்பெனி கேட்பதோ
இரண்டு நாளுக்குள் எடுத்த சீட்டு.
பள்ளிக்கூட உணவறையில்
பத்தொன்பது வருஷம் தட்டு எண்ணிய கை இது.
எப்படிக் கூட்டினாலும் கணக்கு உதைத்தது.

லீலண்ட்தான் கண்டுபிடித்து வந்தான்:
பொருட்காட்சித் திடல், மாட்டுக் கொட்டகை,
வெள்ளிக்கிழமை விடியுமுன், தலைக்கு இருபத்தைந்து.
"மாட்டையும் தலைக்கணக்கில்தானே விற்பார்கள்"
என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டான்.

நாலரை மணிக்கே எங்களுக்கு முன்னால் நாற்பது வண்டி.
தூரத்தில் எண்ணெய் ஆலைச் சுடர்
அணைய மறந்த அடுப்பைப்போல.
முன்வண்டிக் குடும்பம் இருட்டிலேயே
வைக்கோல் தொப்பி போட்டிருந்தது,
கைக்குழந்தை உட்பட.

பிளாஸ்கைத் திறந்து அவனுக்குக் காப்பி ஊற்றினேன்.
நன்றாயிருக்கிறது என்றான். இன்னும் கேட்டான்.
எனக்கு ஊற்றி ஒரு வாய் வைத்தவள்
கதவைத் திறந்து துப்பினேன்.
(எங்கள் பிக்கப்பில் கண்ணாடி இறங்காது.)
கறை போகட்டும் என்று ராத்திரி விட்டுவைத்த வினிகர்;
கொட்ட மறந்து அதன் தலையிலேயே
காப்பியை ஊற்றியிருக்கிறேன்.

அவன் இரண்டாவது கோப்பையை முடித்துவிட்டு
விளிம்பைத் துடைத்தான்.

வண்டி ஒரு முழம் நகர்ந்தது.
"எப்போதிலிருந்து?" என்றேன்.
முன்வண்டியின் சிவப்பு விளக்கையே பார்த்திருந்தான்.
"புதன்."

புதன்கிழமைதான் என் மீன் வறுவலை
அப்படிப் புகழ்ந்தான்.
முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை.
இரண்டு நாளாக நான்
தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

திருப்பு வண்டியை என்று சொல்ல வாய் வந்தது.
பின்னால் அறுபது வண்டி,
இரு பக்கமும் பட்டிக் கம்பி.
நுழைந்த மாடு திரும்ப முடியாதபடிதான்
அதைக் கட்டியிருக்கிறார்கள்.
என் கைக்குள் ஐம்பது டாலர் வியர்த்துக் கிடந்தது.

சட்டையில் யரிட்சா என்று எழுதியிருந்த பெண்
குச்சியை உறையிலிருந்து உருவியபடி
"எங்கே, கப்பலுக்கா?" என்றாள்.
"ஆமாம்" என்றான் லீலண்ட், கண்ணில் நீர் வழிய.
குச்சியால் வந்த நீர்.
எனக்கும் வந்தது.

பதினான்காம் பட்டியில் நிறுத்திக் காத்திருந்தோம்.
அப்போதுதான் முகக்கவசம் மாட்டிக்கொண்டோம்,
ஒரே போர்வையில் இரண்டு ராத்திரி தூங்கிய பிறகு.
என் முடிவு முதலில் வந்தது: இல்லை.
தன்னுடையதை அவன் காட்டவில்லை.
கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
"நீ போய்விட்டு வா" என்றான்.
ஜன்னல் இல்லாத அறையில்
யார் மூஞ்சியைப் பார்ப்பதாம், நான்.

சனிக்கிழமை நாலு மணி.
கப்பல் ஊதினால் எங்கள் தெரு வரை கேட்கும்.
கேட்டது.
படுக்கையறைக் கதவோரம்
தரையில் தட்டை வைத்தேன்,
பக்கத்தில் அவன் கேட்ட வினிகர் பாட்டில்.
கதவு ஒரு சாண் திறந்தது, கை வந்தது, போனது.
மூடி திருகும் சத்தம்.
அப்புறம் ஒரு நீண்ட மூச்சு.

"இப்போ?"

"ம்ஹூம்."

கொஞ்ச நேரம் கழித்துத் தட்டில் முள்கரண்டி உரசியது.
"மீன் எப்படி?" என்று கேட்டுவைத்தேன்.
"பிரமாதம்" என்றான்,
கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.