மூன்றரை நட்சத்திரம்

எங்கள் ராஜ்ஜியத்தில் மலைகள் இல்லை.
பத்தடிக்கு அப்பால் எதையும் வரைய
அந்தப் பழைய மடிக்கணினிக்குத் திராணி கிடையாது.
ஆகவே புழுதி.
எந்தப் பக்கம் திரும்பினாலும் வீரனின் முகத்துக்கு நேரே
மஞ்சளாய் ஒரு சுவர் எழும்பும்.
அதற்குள் அடுத்த பத்தடி தயாராகிவிடும்.

மஹ்பூலா, நாலாவது பிளாக், ஏழாம் மாடி.
பகலில் நான் ஷுவைக்கில் பிரேக் பேட் எண்ணுகிறவன்.
ரெக்ஸ்லின் லிஃப்ட் பழுது பார்ப்பவன்;
கோட்டைக் கதவுகளின் முனகல் எல்லாம்
அவன் ஏறியிறங்கிய கட்டடங்களில் திருடியது.
கூர்ந்து கேட்டால் பூதத்தின் வாசலில்
"கதவு மூடுகிறது" என்று அரபியில் ஒரு பெண் சொல்வாள்.
நீக்க மறந்தோம்.
பிறகு நீக்க மனம் வரவில்லை.

சூனியக்காரிக்குக் குரல் மெல்பா.
இரவுப் பணி முடிந்து, காலணிகூடக் கழற்றாமல்
துணி அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வாள்.
எங்கள் ஃப்ளாட்டில் எதிரொலி இல்லாத ஒரே இடம்.
தொங்கும் சட்டைகளின் நடுவிலிருந்து சபிப்பாள்:
"உன் வாள் துருப்பிடிக்க, உன் வழி..."
அங்கே ஒரு கொட்டாவி.
இன்னொரு தடவை எடுக்கலாமா என்றோம்.
மறுபடி சாபம், மறுபடி கொட்டாவி.
மூன்றாம் தடவை சத்தமே இல்லை.
திறந்து பார்த்தால் தூங்கியிருந்தாள்.
கொட்டாவியோடே வெளியிட்டோம்.

நாலு வருடம்.
நகரின் பாதி எழும்பியது
ரமலான் மாதங்களின் குறைந்த வேலை நேரத்தில்.
வெளியான வெள்ளிக்கிழமை பதினோரு பேர் வாங்கினார்கள்.
அதில் மூவர் நாங்கள்.

வாள்சண்டை படுமோசம் என்றார் போலந்துக்காரர்.
வீரன் படிக்கட்டில் சிக்கிக்கொள்கிறான் என்றார் இன்னொருவர்.
சிக்கிக்கொள்வான். எங்களுக்கும் தெரியும்.
பெருவிலிருந்து ஒருவர் புழுதியைப் பற்றி மட்டும்
மூன்று பத்தி எழுதியிருந்தார்:
காண முடியாமையே இதன் தத்துவமாம்.
ரெக்ஸ்லின் உரக்க வாசித்தான், இரண்டு முறை,
டீ மூக்கில் ஏறும்வரை சிரித்தான்.
அவரே கேட்டிருந்தார்:
ஆயிரம் வருடம் சபித்துச் சலித்தவளின் அந்தக் களைப்பை
இந்த நடிகை எங்கே கற்றார்?
"ஃபர்வானியாவில, ஐ.சி.யூ.வில" என்றபடி
பல் தேய்க்கப் போனாள் மெல்பா.

கடைசியாக வந்தது ஒரே ஒரு நட்சத்திரம்.
பெயரில்லை, ஊரில்லை.
ஆறு மணி நேரம் கிழக்கே நடந்தேன்,
புழுதி தவிர ஒன்றும் வரவில்லை,
திரும்பவும் தோன்றவில்லை என்று எழுதியிருந்தது.

அப்போதுதான் உறைத்தது.
மற்ற மூன்று திசைக்கும் மதில் போட்டவன்
கிழக்கை மூட மறந்திருக்கிறேன்.

ஒரே ஒரு வரிதானே, எழுதி முடி என்கிறான் ரெக்ஸ்லின்.
படிக்கட்டைச் சரிசெய்தேன்.
வாளையும் கொஞ்சம் சரிசெய்தேன்.
அந்த வரியை
நாளைக்கு எழுதலாம்.